ஆள் அனுப்பும் முன்னே வந்த மாட்டு டாக்டர்

என் மகள் தெரேசுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அவளைக் கையில் ஏந்தி நின்ற மனிதர்தான், என் மாடுகளை விஷப் பயிரில் இறக்கிவிட்டவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால் எனக்கே ஆறாது.

பங்குச் சாமியார், "நம்ம ஜனங்களுக்கு சாட்சியா நடந்தத சொல்லு சவேரி, ஆனா அவர் பேர சொல்லாத" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆகையால் அவரை ஞானத்தகப்பன் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அந்தப் பட்டத்தைச் சொல்லும்போது நான் பல்லைக் கடிப்பது சாமியாருக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். ஆண்டவர் செய்த உதவியை மட்டும் சொல், மற்றதை விட்டுவிடு என்று கோயிலில் சில பெண்கள் புத்தி சொன்னார்கள். அது எப்படி முடியும்? துரோகம் வந்த வீட்டிலிருந்துதான் உதவியும் வந்தது. ஒன்றை மறைத்தால் மற்றது பொய்யாகிவிடும். நான் சொல்லச் சொல்ல தெரேஸ் எழுதுகிறாள். அவளுக்கும் எல்லாம் தெரியும்.

நான் உப்பளம் பேட்டையில் பால் ஊற்றுகிற சவேரியம்மாள். என் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். 1959இல் அவர் அல்ஜீரியாவில் இருந்தார். அங்கே சண்டை. கடிதம் வந்தால் உயிரோடு இருக்கிறார் என்று தெரியும், வராவிட்டால் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவேன். எனக்கும் பிள்ளைக்கும் கஞ்சி ஊற்றியது மாடுகள்தான். செவலை, மயிலை, செவலையின் கிடாரி. செவலை குடம் குடமாகக் கறப்பாள், ஆனால் மடியைத் தொட்டால் திரும்பி முறைப்பாள். மயிலை அப்போது சினை. கிடாரி எதைக் கண்டாலும் துள்ளுகிற வயசு. செவலையும் மயிலையும் கறக்கிற பால்தான் உப்பளத்திலும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரத் தெருவிலும் விடிகாலையில் காபிக்குப் போகும்.

மாடு போனால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளையைக் கன்னியாஸ்திரிகள் மடத்தில் விட்டுவிட்டு நான் யார் வீட்டிலாவது சமையல் வேலைக்குப் போக வேண்டும். மடத்துத் தாயார் இரண்டு மூன்று தடவை நல்ல மனசோடு கேட்டும் விட்டார்கள். "தகப்பன் கிட்ட இல்ல, நீயும் மாட்டு பின்னாடி ஓடற, பிள்ளைய எங்ககிட்ட விடேன்" என்பார்கள். நல்ல மனசுதான். ஆனால் தெரேசுக்குப் பக்கத்தில் ஆள் இல்லாமல் தூக்கம் வராது. எனக்கும் அப்படித்தான். மாடு இருக்கிறவரை பிள்ளை என்னோடு இருக்கும், மாடு போனால் பிள்ளையும் போகும். இதுதான் அன்றைக்கு என் நிலைமை.

அந்த வருஷம் கோடையில் ஒரே ஒரு நல்ல மழை. அதற்குப் பிறகு வானம் மூடிக்கொண்டது. பழைய துறைமுகத்துப் பக்கம் மைதானத்தில் இருந்த புல் எல்லாம் கருகி, மண்ணைத்தான் மாடுகள் நக்கின. வைக்கோல் வண்டி வந்தால் பெரிய மார்க்கெட்டுப் பக்கமே விற்றுத் தீர்ந்துவிடும், எங்கள் பக்கம் வராது. மார்க்கெட்டில் கொட்டுகிற முட்டைக்கோஸ் தழையும் வாழைப்பட்டையும் பொறுக்கி வந்து போட்டேன். பால் சுண்டிப்போனது. தண்ணீர் கலக்கிறாயா என்று கேட்டவர்களும் உண்டு. கலந்திருந்தால் அளவாவது சரியாக இருந்திருக்கும் என்று ஒரு வீட்டில் பதில் சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் அதோடு பால் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

அப்போதுதான் ஞானத்தகப்பன் வந்தார். முதலியார்பேட்டையைத் தாண்டி மேட்டில் அவருக்குச் செம்மண் கொல்லை உண்டு. சித்திரையில் சோளம் அறுத்திருந்தார். அறுத்த கட்டையில் அந்த ஒரு மழைக்கு மறுபடியும் துளிர் விட்டிருந்தது. அதை எங்கள் பக்கம் மறுதாம்பு என்போம். "தங்கச்சி, மாடு இப்படி எலும்பும் தோலுமா நிக்கலாமா? நம்ம கொல்லையில மறுதாம்பு பச்சையா நிக்குது. ஓட்டியாந்து வுடு. சாணி நெலத்துக்கு ஆச்சு, தீனி ஒனக்கு ஆச்சு" என்றார்.

மாடு வைத்திருக்கிறவர் யாருக்கும் மறுதாம்புச் சோளம் என்றால் கொஞ்சம் பயம் உண்டு. மழைக்குத் துளிர்த்து, பிறகு வெயிலில் வாடி, வளராமல் நிற்கிற இளஞ்சோளத்தில் விஷம் ஏறியிருக்கும். நன்றாக வளர்ந்து பூ விட்டுவிட்டால் பயம் இல்லை. அதனால்தான் எங்கள் பக்கம் ஒரு வழக்கம். சோளக்கொல்லையை மேய்ச்சலுக்குத் திறந்து விடும்போது கொல்லைக்காரர் மாடுதான் முதலில் இறங்கும். அது தின்று, அசை போட்டு, நல்லபடியாக நின்றால்தான் மற்றவர்கள் தங்கள் மாட்டை விடுவார்கள். யாரும் இதைச் சட்டமாகப் போடவில்லை, ஆனால் இதை மீறினவரும் இல்லை.

நான் அதைத்தான் கேட்டேன். "ஒங்க மாடு எறங்கிச்சாண்ணே?"

"நேத்தே எறக்கிட்டேன் தங்கச்சி. சாயங்காலம் வரைக்கும் மேஞ்சுட்டு வூட்டுக்கு வந்துச்சு. நான் சொல்லலன்னா ஒனக்கு யார் சொல்லப் போறா?" என்றார்.

இதற்கு மேல் என்ன கேட்பது? எங்கள் கோயில் ஜனங்களுக்கு ஞானத்தகப்பன் என்றால் கூடப் பிறந்தவனுக்கும் மேல். கூடப் பிறந்தவனோடு கோர்ட்டுக்குப் போனவர்கள் உண்டு, ஞானத்தகப்பனோடு போனவர்கள் இல்லை. பிள்ளைக்காகச் சர்வேசுரன் முன்னால் வாக்குக் கொடுத்தவர் அவர். அவர் சொன்ன சொல்லை நான் போய்ச் சரிபார்த்தால், அன்று அவர் கொடுத்த வாக்கையும் சந்தேகப்பட்டதாக ஆகும். வேறு யாராவது சொல்லியிருந்தால் முதல் நாளே கொல்லைக்குப் போய் மேய்ந்த தடம் இருக்கிறதா, சாணி விழுந்திருக்கிறதா என்று பார்த்திருப்பேன். அவர் சொன்னார் என்பதற்காகவே போகவில்லை.

மறுநாள் காலை, கறவை முடிந்து பால் ஊற்றிவிட்டு, மூன்றையும் ஓட்டிக்கொண்டு போனேன். தெரேஸ் மடத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். ஞானத்தகப்பன் கொல்லை முனையில் காத்திருந்தார். தன் கையாலேயே முள் படலை இழுத்து வழி விட்டார். "மேயட்டும், மேயட்டும். நான் வூட்டுக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் நடையில் ஒரு அவசரம் இருந்தது. வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பயிர் முழங்கால் உயரம்தான் இருந்தது. நுனி எல்லாம் முழுசாக நின்றது, எந்த மாடும் வாய் வைத்த மாதிரி தெரியவில்லை. மனசில் ஒரு நெருடல் வந்தது. வேறு மூலையில் மேய்ந்திருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பசித்த மாடு பச்சையைக் கண்டால் நிற்குமா? செவலை தலையைத் தூக்கவே இல்லை, இழுத்து இழுத்துத் தின்றாள். எத்தனை நாளைக்குப் பிறகு அவள் வாய் நிறையத் தின்கிறாள் என்று நான் சந்தோஷப்பட்டேன். இன்றைக்கும் அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டு முடிக்கவில்லை, செவலை தின்பதை நிறுத்தினாள். கழுத்தை நீட்டி மூச்சு இழுத்தாள். உடம்பு நடுங்கியது. வாயில் நுரை தள்ளியது. எழுந்து ஓடினேன். நான் கிட்டப் போவதற்குள் முன்னங்கால் மடிந்து விழுந்தாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு சிவப்பாக இருந்தது, ரத்தம் தெரிகிற சிவப்பு. திரும்பிப் பார்த்தால் மயிலை தள்ளாடிக்கொண்டிருந்தாள். கிடாரியைக் கல்லால் அடித்து வரப்புக்கு விரட்டினேன். அது கொஞ்சம்தான் தின்றிருந்தது, துள்ளி விளையாடிக்கொண்டிருந்ததால். அதுவும் மூச்சு வாங்கியது.

அந்த மேட்டில் ஒரு ஆள் கிடையாது. சாலை எட்டத்தில். நான் ஓடினால் மாட்டின் தலையைப் பிடிக்க ஆள் இல்லை, ஓடாவிட்டால் வைத்தியம் இல்லை. செவலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கத்தினேன். யாரைக் கூப்பிட்டேன் என்று கேட்டால், முதலில் ஞானத்தகப்பனைத்தான் கூப்பிட்டேன். "அண்ணே, அண்ணே" என்று. அவர் வரவில்லை.

பிறகுதான் ஆண்டவரைக் கூப்பிட்டேன். மண்டி போட்டுச் செய்த செபம் இல்லை அது, சண்டை. தை மாதத்தில் வனத்து அந்தோனியார் திருநாளுக்கு இந்த மூன்றையும் குளிப்பாட்டி, கொம்புக்கு மாலை கட்டி, கோயில் வாசலில் நிறுத்தித் தீர்த்தம் வாங்கினேனே, அது எதற்கு என்று கேட்டேன். சர்வேசுரா, என் புருஷனைக் கடலுக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கிறாய், ஒரு வார்த்தை சொன்னேனா? இந்த மாட்டையும் எடுத்தால் என் பிள்ளையை எடுப்பதுதான். எடுக்காதே. யாரையாவது அனுப்பு. எனக்கு ஆள் அனுப்ப ஆள் இல்லை, நீ அனுப்பு. இவ்வளவுதான் சொன்னேன். அழகான வார்த்தை ஒன்றும் இல்லை.

சொல்லி வாய் மூடவில்லை, சாலைப் பக்கமிருந்து சைக்கிள் மணி கேட்டது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்துகொண்டிருந்தார், கைப்பிடியில் தோல்பை தொங்கியது. சைக்கிளுக்குப் பின்னால் ஒரு பெண் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். ஞானத்தகப்பனின் சம்சாரம் அன்னம்மா.

கேட்டவுடன் கொடுக்கிற ஆண்டவர் என்று அழுதேன். டாக்டர் வந்த வேகத்தில் செவலையின் கண்ணைத் திறந்து பார்த்தார், நெஞ்சில் கை வைத்தார், எழுந்து மயிலையிடம் போய்விட்டார். எனக்குப் புரிந்தது. செவலையின் தலை என் மடியிலேயே கனத்துப்போனது.

மயிலையும் அதற்குள் படுத்துவிட்டாள். டாக்டர் கழுத்து நரம்பில் ஊசி ஏற்றினார். ஏற்றிக்கொண்டே, "சோளம்னு முன்னாடியே சொன்னதால ஆச்சு. இல்லாட்டி வெறும் பையோட வந்து, திரும்பப் போயி மருந்து எடுத்திருக்கணும்" என்றார்.

நான் கேட்டேன், "யாருங்க சொன்னது?"

அவர் அன்னம்மாவைக் காட்டினார். அன்னம்மா என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மயிலையின் கொம்பைப் பிடித்திருந்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. செவலை விழுந்தது இப்போதுதான். நான் யாரையும் அனுப்பவில்லை. இவர்கள் வீடு சாலையோரம், மாட்டாஸ்பத்திரிக்குக் கிட்ட. அங்கிருந்து டாக்டர் மருந்து எடுத்து, சைக்கிள் மிதித்து இங்கே வர வேண்டுமானால், என் மாடு கீழே விழுவதற்கு முன்பே இவள் ஓடியிருக்க வேண்டும். மாடு விழும் என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

"அன்னம்மா, எப்படி தெரியும் ஒனக்கு?" என்று கேட்டேன்.

அவள் அழுதுகொண்டே சொன்னாள். "போன வாரம் எங்க காளங்கன்னு ஒண்ணு இங்கதான் வந்து தின்னுட்டு செத்துச்சுக்கா. ராவோட ராவா பொதச்சிட்டாரு. வெளிய சொல்லாதன்னாரு. இன்னிக்கு வந்து கால் கழுவிக்கிட்டே சொல்றாரு, சவேரி மாடு எறங்கிடுச்சு, கொஞ்ச நேரம் பாப்போம், ஒண்ணும் ஆவலன்னா நம்ம மாட்ட ஓட்டலாம்னு. கேட்டதும் வூட்டு பின்பக்கமா எறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்."

சகோதர சகோதரிகளே, இதை நான் இரண்டு தடவை படித்துக் காட்டச் சொல்லித் தெரேசிடம் கேட்டேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். கொஞ்ச நேரம் பார்ப்போம் என்றார். தீனி இல்லாத காலம், அவருடைய மாடுகளும் பட்டினி, விஷம் இறங்கிவிட்டதா இல்லையா என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்குத் தன் மாட்டை விடவில்லை. புருஷன் ஊரில் இல்லாத, நம்பிக் கேள்வி கேட்காத ஒரு பொம்பளையின் மாட்டை விட்டுப் பார்த்தார். வேற்று ஆள் மாடு என்றால் வந்து சண்டை போடுவான். ஞானப்பிள்ளையின் வீட்டு மாடு என்றால் யார் கேட்பார்கள்? என் நம்பிக்கையைத் தெரிந்துகொண்டுதான் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அதுதான் என்னைக் குத்தியது. செவலை செத்ததைவிட அதுதான் குத்தியது.

அழ நேரம் இல்லை. கையில் இருந்த ஊசி மருந்து மயிலைக்கே சரியாக இருந்தது. கிடாரிக்கும் வேண்டும், மயிலைக்கும் வயிற்றுக்குள் போக வேண்டும் என்றார் டாக்டர். "போட்டோ கடைல படம் கழுவறதுக்கு ஹைப்போன்னு ஒரு உப்பு வெச்சிருப்பாங்க. அதேதான். தண்ணியில கரைச்சு ஊத்தலாம். சீக்கிரம் வேணும்" என்றார். போட்டோ எடுக்கிற உப்பு மாட்டுக்கு மருந்தா என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. சாலைக்கு ஓடி, ஒரு ரிக்‌ஷாவைப் பிடித்தேன்.

தெற்கு புல்வார் சாலைப் பக்கம் முசே எமில், அதாவது எமில் ஐயா, போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். தகப்பன் பிரெஞ்சு, தாய் நம் ஊர். புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குகிற பிள்ளைகளை எல்லாம் அவர்தான் வெள்ளை உடுப்போடு படம் எடுப்பார். அவர் வீட்டுக்கும் நான்தான் பால் ஊற்றினேன், முந்தின வாரம் வரை. அவர் குடும்பத்தோடு பிரான்சுக்குப் புறப்படுவதால் பாலை நிறுத்தியிருந்தார். அது எனக்கு ரிக்‌ஷாவில் ஏறின பிறகுதான் ஞாபகம் வந்தது. ஆண்டவரே, அந்த மனிதர் ஊரில் இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனேன்.

ஸ்டூடியோ கதவு பூட்டியிருந்தது. போர்டைக்கூட இறக்கிவிட்டார்கள். படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது பக்கத்துச் சந்திலிருந்து முசே எமில் ஒரு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டியை விற்றாகிவிட்டது, வாங்கினவரிடம் ஒப்படைக்கப் போகிறார்.

நான் சொன்னதைக் கேட்டு, "ஹைப்போவா? எல்லாத்தையும் பெட்டியில போட்டு ஆணி அடிச்சாச்சே" என்றார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டார். "இரு, இரு. ஒரு டப்பா மூடி சரியில்ல. வழியெல்லாம் கொட்டும்னு எங்க மாதாம் அத மட்டும் சமையல்கட்டுல வெச்சிட்டா. குப்பையில போடச் சொன்னா. போட்டேனா இல்லையா?"

போடவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. முக்கால் டப்பா, கற்கண்டு மாதிரி வெள்ளையாக. மூடி சரியாக இருந்திருந்தால் அது பெட்டிக்குள் போயிருக்கும். முசே சொன்ன வேலையில் சுறுசுறுப்பாக இருந்திருந்தால் குப்பைக்குப் போயிருக்கும். ஆண்டவர் ஒரு கோணல் மூடியை வைத்துக்கூடக் காரியம் செய்வார் என்று அன்று கண்டேன்.

"ஏறு பின்னாடி" என்றார் முசே. நான் என் ஜன்மத்தில் ஸ்கூட்டரில் ஏறினது அந்த ஒரு தடவைதான். டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு போனேன். முதலியார்பேட்டை கடைத்தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மயிலை நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். காது அசைந்தது. கிடாரி நின்றபடியே நடுங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் உப்பைக் கரைத்து, மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டினார். அன்னம்மா தலையைத் தூக்கிப் பிடித்தாள், நான் நாக்கைப் பிடித்தேன். முசே எமில் தன் வெள்ளைக் கால்சட்டையோடு சாணியில் மண்டி போட்டு மயிலையின் கழுத்தைத் தடவிக்கொண்டே பிரெஞ்சில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மயிலைக்கு அது புரிந்ததோ என்னவோ, எழுந்து நின்றுவிட்டாள். டாக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இனிமே பயமில்ல" என்றார். நான் அவர் காலில் விழப் போனேன். அவர் விடவில்லை.

அப்போதுதான் ஞானத்தகப்பன் வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஐயோ, என்னா ஆச்சு தங்கச்சி?" என்றார். செவலையைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், தன் பெண்டாட்டியைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"ஒங்க மாடு எங்கண்ணே?" என்று கேட்டேன்.

"வூட்டுல கட்டியிருக்கேன்."

"முந்தாநேத்து இங்க மேஞ்ச மாடா?"

அவர் தோள் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "மழ பேஞ்சு நாளாச்சே, வெஷம் எறங்கியிருக்கும்னுதான் நெனச்சேன்" என்றார்.

"அப்படி நெனச்சிருந்தா ஒங்க மாட்டத்தான வுட்டுருப்பீங்க" என்றேன்.

அன்று சாயங்காலமே செவலையை அந்தக் கொல்லை ஓரத்தில் புதைத்தோம். முசே எமில் மறுநாள் கப்பலுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். அவரை நான் மறுபடி பார்க்கப் போவதில்லை. அவருக்காக நான் செபம் செய்யாத நாள் இல்லை.

இதோடு முடிந்தது என்றால் சாட்சி நன்றாக இருந்திருக்கும். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? பசித்த மாட்டை ஒரேயடியாகப் பச்சையில் விட்டுவிட்டாள், அவசரக்காரி என்றார்கள். யார் கிளப்பிவிட்டது என்று கேட்கவே தேவையில்லை. ஞானத்தகப்பன் ஆண்கள் பக்கம் முன் வரிசையில் முழங்காலில் இருந்தார். அன்னம்மா எனக்காக வாய் திறந்தாள், அவள் பேச்சு எடுபடவில்லை. புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று அவளையும் சேர்த்துப் பேசினார்கள். என்னோடு பேசக்கூடாது என்று வீட்டில் கட்டளை வேறு. ஞான உறவு முறியக்கூடாது, விட்டுக்கொடுத்துப் போ என்று எனக்குத்தான் எல்லாரும் சொன்னார்கள். அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சாமியார் என்னைக் கூப்பிட்டு, "அவருக்காகவும் ஒரு செபம் சொல்லு" என்றார்.

"மாட்டுக்காகச் சொல்றேன் சாமி. அவருக்கு வர மாட்டேங்குது" என்றேன். சாமியார் சிரித்துவிட்டு, "வரும்போது சொல்லு" என்று அனுப்பிவிட்டார். அவர் என்னைக் கட்டாயப்படுத்தாததற்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

எனக்கு இன்னொரு பயம் இருந்தது. இந்த விஷம் ஏறின சினைமாட்டுக்குக் கன்று தங்காது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். தங்கினால் அதிர்ஷ்டம் என்றார். செவலை போன பிறகு மயிலையின் கன்றை நம்பித்தான் எல்லாம். கன்று விழுந்தால் பால் இல்லை, பால் இல்லையென்றால் தெரேஸ் மடத்துக்கு. தினமும் மயிலை கறந்த கொஞ்சப் பாலை ஊற்றிவிட்டு வந்து, அவள் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பேன். உள்ளே அசைந்தால் அன்றைக்குச் சாப்பிடுவேன். தெரேஸ் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முதலில் தொழுவத்துக்குத்தான் ஓடுவாள். ஒரு நாள் மயிலையின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டதற்கு, "ஒனக்கில்ல" என்றாள். இப்போதும் எழுதிக்கொண்டே சிரிக்கிறாள்.

ஆண்டவர் கைவிடவில்லை. ஐப்பசி அடைமழையில், கூரை ஒழுகிக்கொண்டிருக்கும்போது, மயிலை கன்று போட்டாள். கிடாரிக்கன்று. நெற்றியில் வெள்ளை. கொட்டுகிற மழையில் நானும் தெரேசும் கன்றைத் துடைத்துக்கொண்டே அழுதோம்.

எங்கள் பக்கம் மாடு ஈன்றால் சீம்பாலைக் காய்ச்சி, தெரிந்த வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்புவது வழக்கம். பிள்ளையின் ஞானத்தகப்பன் வீட்டுக்குத்தான் முதல் பங்கு. தெரேஸ் தூக்குப் பாத்திரங்களை வரிசையாக வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளே ஒரு தூக்கை எடுத்து, "இது அன்னம்மா சித்திக்கு" என்றாள்.

அந்த வார்த்தையில் எனக்குக் கண் திறந்தது. அத்தனை மாசமாக அந்த வீட்டை ஒரே ஆளாக நினைத்து வைத்திருந்தேன். அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் மனசுக்குள் சபித்துக்கொண்டு போனேன். அதே வீட்டின் கொல்லைப்புறமாக இறங்கித்தான் ஒருத்தி எனக்காக ஓடினாள். நான் வானத்தைப் பார்த்து யாரையாவது அனுப்பு என்று கத்தினபோது, ஆண்டவர் அனுப்பின ஆள் ஏற்கெனவே சாலையில் ஓடி வந்துகொண்டிருந்தாள். ஊர் முழுக்க வேறு ஆளா இல்லை? அவர் அந்த வீட்டிலிருந்துதான் எடுத்தார்.

தூக்கை நானே எடுத்துக்கொண்டு போனேன். மழை விட்டிருந்தது. கதவைத் திறந்தது ஞானத்தகப்பன். என்னைக் கண்டதும் ஒரு அடி பின்னால் போனார்.

"மயிலை ஈனியிருக்கு. அன்னம்மாவுக்குச் சீம்பால் கொண்டாந்தேன்" என்றேன்.

அவர் உள்ளே திரும்பிக் கூப்பிட வாய் எடுத்தார். அதற்குள் அன்னம்மா தானாகவே வந்தாள். தூக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவர் முன்னாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "கன்னு என்னாக்கா?" என்று கேட்டாள். கிடாரி என்றேன். அவர் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டே நின்றார். மன்னித்துவிடு என்று அவர் அன்றைக்குக் கேட்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை. ஆனால் அன்னம்மா இப்போது பட்டப்பகலில் முன்வாசல் வழியாக என் வீட்டுக்கு வருகிறாள். அதை அவர் தடுக்கவில்லை.

அன்று வீடு திரும்பி, விளக்கேற்றி, பிள்ளையோடு செபமாலை சொன்னேன். பரலோக மந்திரத்தில் பிறர் செய்த தீமையைப் பொறுப்பது பற்றி வருமே, அந்த இடத்தில், செவலை செத்த ஆனி மாசத்திலிருந்து என் வாய் மூடிக்கொள்ளும், தெரேஸ் மட்டும் தனியாகச் சொல்லுவாள். அன்றைக்கு நானும் சேர்ந்து சொன்னேன். மனசு ஒப்பாவிட்டாலும் சொல்லி முடித்தேன்.

என் வீட்டுக்காரர் இப்போது ஊருக்கு வந்துவிட்டார். செவலையின் கிடாரி வளர்ந்து அதுவும் கறக்கிறது. தெரேஸ் என்னோடுதான் இருக்கிறாள். நான் மாறியிருக்கிறேனா என்று கேட்டால், மாறியிருக்கிறேன். முன்பு மனிதரை நம்பினதையே ஆண்டவரை நம்பினதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மனிதர் கைவிட்டபோது ஆண்டவரும் கைவிட்டுவிட்டார் என்றுதான் அந்த மேட்டில் சண்டை போட்டேன். இரண்டும் வேறு வேறு என்று இப்போது தெரிகிறது. ஞானத்தகப்பனுக்காகத் தினம் செபம் சொல்கிறேன், அது கசக்கிற நாளிலும் சொல்கிறேன். ஆனால் அவர் கொல்லையில் இனி என் மாடு இறங்காது.

இதைப் படிக்கிற உங்களிலும் யாராவது, நம்பினவர் கையால் அடி வாங்கி உட்கார்ந்திருப்பீர்கள். உங்களுக்குப் புத்தி சொல்ல நான் யார்? ஒன்று மட்டும் சொல்கிறேன். கூப்பிடுங்கள். கோபமாகவாவது கூப்பிடுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கூப்பிட்டுவிட்டுச் சாலையைப் பாருங்கள். நீங்கள் வெறுக்கிற வாசலிலிருந்துகூட ஒருத்தி உங்களுக்காகப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருப்பாள்.